சிவப்புத் திட்டு எதற்குச் சான்று?

காதுகளுக்குப் பின்புறமுள்ள எலும்பின்மேல் இரு மின்வாய்களை ஒட்டி, ஒரு மில்லியாம்பியர் அளவில் மின்னோட்டம் செலுத்துகிறார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் இன்சுலாவின் ஓரத்தில் சிவப்புத் திட்டு ஒன்று தோன்றுகிறது. உடனே "மூளையின் சமநிலை மையம் தூண்டப்பட்டது" என்று எழுதிவிடும் பழக்கம் ஆய்வேடுகளிலும் கருத்தரங்குகளிலும் வேரூன்றிவிட்டது. அந்த வாக்கியத்தில் நிறுவப்படாத அனுமானங்கள் எத்தனை என்று எழுதுபவரும் எண்ணிப் பார்ப்பதில்லை; தேர்வாளரும் கேட்பதில்லை.

கால்வானிக் தூண்டல் செய்வது இன்னதென்பது தெளிவாக அறியப்பட்டதே. எதிர்மின்வாய்ப் பக்கத்தில் சமநிலை நரம்பின் துடிப்பு மிகுகிறது. நேர்மின்வாய்ப் பக்கத்தில் குறைகிறது. நிற்பவர் நேர்மின்வாயின் பக்கம் சாய்கிறார். ஆனால் இம்மின்னோட்டம் மூன்று அரைவட்டக் குழல்களின் நரம்பிழைகளையும் ஓட்டோலித் உறுப்புகளின் நரம்பிழைகளையும் ஒருசேரத் தாக்குகிறது. இயல்பான எந்தத் தலையசைவும் அத்தகைய செய்தியை மூளைக்கு அனுப்புவதில்லை. போதாக்குறைக்கு, ஆய்வுக்கு உட்பட்டவர் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்கிறார். காது "சுழல்கிறாய்" என்கிறது. முதுகும் கழுத்தும் "கிடக்கிறாய்" என்கின்றன. படத்தில் தெரிவது சமநிலை உணர்வா, இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சியா?

தோலையும் மறந்துவிடுகிறார்கள். மின்வாய்க்கு அடியில் தோல் குறுகுறுக்கும், சிலருக்கு எரியும். இன்சுலாவோ வலிக்கும் தொடுவுணர்வுக்கும் உரிய பகுதியுமாகும். 2001-இல் பென்ஸேயும் உடனாய்வாளர்களும் கழுத்தில் தனியே மின்னோட்டம் செலுத்தி ஒப்பிட்டது இதற்காகத்தான். அவ்வொப்பீட்டைக் கைவிட்டவர்கள் அவ்வாய்வை மேற்கோள் மட்டும் காட்டுகிறார்கள்!

காந்தத்தின் கதை இன்னும் சங்கடமானது. 7 டெஸ்லா கருவிக்குள் இருளில் படுத்திருக்கும் நலமுள்ளோரின் கண்கள் தாமாகவே ஒருபுறம் நகர்ந்து துள்ளுகின்றன என்று 2011-இல் ராபர்ட்ஸ் குழுவினர் காட்டினர். உள்காதுத் திரவத்தில் ஓடும் அயனி மின்னோட்டத்தின்மீது காந்தப்புலம் செலுத்தும் விசையே காரணம் என்பது அவர்கள் விளக்கம். 3 டெஸ்லாவிலும் இவ்விளைவு உண்டு, குறைவான அளவில். ஆகவே "ஓய்வுநிலை" என்று பெயரிட்டு எடுக்கும் படமே ஏற்கெனவே தூண்டப்பட்ட ஒருவரின் படம். இரு நிலைகளுக்கும் காந்தம் பொதுவாதலால் கழித்தால் அது நீங்கிவிடும் என்பர். இரு விளைவுகளும் எளிய கூட்டலாகச் சேர்ந்தால்தான் கழித்தல் செல்லும். நரம்பமைப்பு அவ்வாறு இயங்கவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

இ.இ.ஜி. பக்கம் ஓடினாலும் தப்ப முடியாது. செலுத்தும் மின்னோட்டம் தலைத்தோலில் உண்டாக்கும் மின்னழுத்தம் மூளை அலைகளைவிடப் பன்மடங்கு பெரிது. இரைச்சல்வடிவ மின்னோட்டமாயின் அதன் அதிர்வெண்கள் மூளை அலைகளின் அதிர்வெண்களோடே கலந்து கிடக்கும். வடிகட்டியபின் எஞ்சுவது மூளையுடையது என்பதற்கு வடிகட்டியவரின் நம்பிக்கையன்றி வேறு சான்று பெரும்பாலும் தரப்படுவதில்லை.

கருவி நேரம் கிடைப்பதில்லை, நிதியில்லை என்பது வழக்கமான மறுமொழி. அது பாதி உண்மை. மின்வாய்களின் துருவத்தை மாற்றி அதே ஓட்டத்தை மீண்டும் செய்வதற்கு இரு கம்பிகளை இடம் மாற்றினால் போதும்: தோலுணர்வு ஏறத்தாழ மாறாது, சமநிலைச் செய்தி தலைகீழாகும். நிதியின்மையைக் காட்டி இதைத் தவிர்ப்பது சோம்பலுக்குச் சூட்டும் நல்ல பெயர்.

பக்கவாதத்துக்குப்பின் இடப்புற உலகையே கவனியாது போனவர்களுக்கும் நடுக்குவாத நோயாளிகளுக்கும் இத்தூண்டல் பயன்படுமா என்ற ஆய்வு தீவிரமாக நடந்து வருகிறது. பயன்படவும் கூடும். ஆனால் எந்தத் துருவத்தில், எவ்வளவு நேரம், எந்த நோயாளிக்கு என்று முடிவெடுக்கப்போகும் மருத்துவரின் கையில் இன்று இருப்பது தோலுணர்வையும் காந்தத்தையும் பிரித்தறியாத ஒரு வண்ணப் படம்.