மருத்துவமனைப் பதிவேடும் கடலுக்கு அப்பாலுள்ள நோயாளியும்

மருத்துவமனைகளில் உள்நோயாளிகளாகச் சேர்க்கப்படுவோரின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு பிரதேசத்து மக்களின் உடல்நலத்தை மதிப்பிடுவது வழக்கம். எண்ணிக்கை குறைந்தால் நோய் குறைந்ததென்றும், கூடினால் நோய் பெருகிற்றென்றும் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். நகரங்களிலேயே இம்முடிவு முற்றிலும் சரியாவதில்லை. போக்குவரத்து அரிதான பிரதேசங்களிலோ இது பெரும் பிழைக்கு இடமளிக்கும். பதிவேடு, மருத்துவமனையின் வாயிலை வந்தடைந்தவரை மட்டுமே எண்ணுகிறது. வர இயலாதவரைப் பற்றி அது யாதும் கூறுவதில்லை.

அந்தமான் நிக்கோபார் தீவுகளை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் நிக்கோபார் மாவட்டத்தில் வாழ்ந்தோர் 36,842 பேர். கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை இருக்கிறது. எனினும் மேல்சிகிச்சை வேண்டுவோர், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரிலுள்ள ஜி. பி. பந்த் மருத்துவமனையையே நாட வேண்டியிருக்கிறது. பெரிய நிக்கோபாரிலுள்ள காம்பெல் பே அந்நகரிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பயணம் பெரும்பாலும் கப்பலில். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் கப்பல் தாமதமாகும்; ஹெலிகாப்டரில் இடமும் மிகச் சிலவே.

இத்தகைய இடத்தில் ஒரு மாதத்தில் சேர்க்கை குறைந்தால், நோய் தணிந்திருக்கலாம். கப்பல் வராமலும் இருந்திருக்கலாம். மறுமாதம் எண்ணிக்கை திடீரென உயர்ந்தால், காத்திருந்தோர் அனைவரும் ஒருங்கே வந்து சேர்ந்ததாக இருக்கலாம். மேலும், தீவிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்க்கப்பட்டுப் பின்னர் தலைநகருக்கு அனுப்பப்படும் ஒரே நோயாளி, இரண்டு பதிவேடுகளில் இரண்டு சேர்க்கைகளாகக் காணப்படுவார். ஆகையால், சேர்க்கைக் கணக்கை வாசிப்பவர் அதனருகே கப்பல் அட்டவணையையும் வைத்துக்கொண்டு வாசித்தல் நலம்.

இதனினும் முக்கியமானது வேறொன்று உண்டு. சிகிச்சை முடிந்து அனுப்பப்படுவதைத் தமிழில் 'வீடு திரும்பினார்' என்று மொழிபெயர்த்து எழுதுகிறோம். அச்சொல்லோடு மருத்துவமனையின் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் தென்னையிலிருந்தோ கமுகிலிருந்தோ விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவருக்கும், பக்கவாதத்தால் ஒரு கை செயலற்றவருக்கும் அன்றுதான் புதிய வாழ்க்கை தொடங்குகிறது. அவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும்; மாதக்கணக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை வேண்டும்; படுக்கைப் புண் வராமல் காக்கும் முறையை வீட்டார்க்குக் கற்பிக்க ஒருவர் வேண்டும். இவை கிட்டாதபோது படுக்கைப் புண்ணும் சிறுநீர்த்தொற்றும் தோன்றுகின்றன. நோயாளி மீண்டும் கப்பலேறுகிறார். பதிவேட்டில் மற்றொரு சேர்க்கை ஏறுகிறது. ஆதரவுச் சேவையின் குறையே இவ்வாறு நோயின் உருவில் கணக்கில் புகுந்துவிடுகிறது என்பது என் கருத்து.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய எண்ணிக்கைகளையும் இதே கவனத்துடன் நோக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு இந்தியா முழுவதிலும் 2.68 கோடிப் பேரை, அதாவது மக்கள்தொகையில் 2.21 விழுக்காட்டினரை, மாற்றுத்திறனாளிகளாகக் கண்டது. அவர்களுள் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் கிராமவாசிகள். 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. 2016ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்றது. எனவே பழைய எண்ணைக் கொண்டு இன்றைய தேவையை அளத்தல் பொருந்தாது.

புதிய சட்டத்தின் 17ஆவது பிரிவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளி செல்லும் குழந்தைகளிடையே ஆய்வு நடத்தி, குறைபாடுள்ளோரைக் கண்டறிந்து, அவர்களுடைய தேவைகள் எந்த அளவுக்கு நிறைவேறியுள்ளன என்பதையும் அறிய வேண்டுமெனக் கூறுகிறது. சிறந்த விதியே. ஆனால் 'பள்ளி செல்லும்' என்னும் சொற்கள் கவனத்திற்குரியவை. நடக்க இயலாமையாலோ காது கேளாமையாலோ பள்ளிக்கே வராத குழந்தை இங்கும் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

சிதறிக் கிடக்கும் சில ஆயிரம் பேருக்காகத் தீவுதோறும் சேவை அமைப்பது பெருஞ்செலவன்றோ எனச் சிலர் வினவலாம். எல்லாத் தீவிலும் நிபுணரை அமர்த்துதல் இயலாதுதான். ஆனால் ஒருவரை மறுபடியும் மறுபடியும் தலைநகருக்குக் கொண்டுசெல்வதும், உடன்வரும் உறவினர் வேலையிழந்து அங்கே தங்குவதும் செலவே. அச்செலவு ஒரே தலைப்பின் கீழ் எழுதப்படாமையால் நம் கண்ணில் படுவதில்லை. பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் குறித்த காலத்தில் தீவுக்குச் சென்று வருதலும், சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழு ஆண்டில் சில முறையேனும் கப்பலில் புறப்படுதலும் அதனினும் மிகையான கோரிக்கைகள் அல்ல.

இப்பத்திரிகையை வாசிக்கும் களப்பணியாளரும் ஆசிரியரும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, 'வீடு திரும்பினார்' எனக் குறிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் பதினைந்து நாட்களுக்குள் வீட்டில் சென்று காணல். இரண்டாவது, ஆசிரியர் தம் வருகைப் பதிவேட்டுடன் நில்லாது, ஊரில் பள்ளி வயதில் இருந்தும் பள்ளிக்கு வராத குழந்தைகளின் பெயரையும் காரணத்தையும் தனித் தாளில் எழுதிவைத்தல். மூன்றாவது, அவ்விரு பட்டியல்களையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, பொறுப்புள்ள மருத்துவ அதிகாரியிடம் கையொப்பமிட்டு ஒப்படைத்தல். குடும்பத்தாரிடம் பேசும்போது நிக்கோபாரியோ, வங்காளமோ, தமிழோ, அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே பேசுதல் வேண்டும்; புரியாத படிவத்தில் இட்ட கைநாட்டு உதவியாகிவிடாது.

இவ்விரு தாள்களும் மருத்துவமனைப் பதிவேட்டுடன் சேர்ந்தால்தான் சேர்க்கை ஏன் ஏறிற்று, ஏன் இறங்கிற்று என்பதற்கு விடை கிடைக்கும். அந்த விடை கையிலிருக்கும்போது சக்கர நாற்காலிக்கும் சிகிச்சை ஊழியருக்கும் நிதி கேட்பதும் எளிதாகும்.