பசித்தால் உண்பானா?

"பசித்தால் தானாய் உண்பான்" என்பதை நம்மவர் அனுபவ ஞானமாகக் கருதுகின்றனர். ஓட்டிசம் உள்ள எங்கள் மகனோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சிகிச்சைக்காகப் பஸ்ஸிற் செல்லும் ஒவ்வொரு முறையும் யாராவது இதனை என் மனைவிக்கு உபதேசிக்கத் தவறுவதில்லை. (என்னிடம் எவரும் சொல்வதில்லை. பிள்ளை உண்ணாமை தாயின் குற்றமென்பது நம் சமூகத்தின் முடிந்த முடிபு.)

மகனுக்கு வயது எட்டு. வெள்ளை இடியப்பம், கரை நீக்கிய பாண், ஒரேயொரு வகை பிஸ்கற் ஆகிய இம்மூன்றையுமே உண்பான். இடியப்பத்திற் சொதி ஒரு துளி பட்டாலும் தட்டையே தொடான். பிஸ்கற்றின் மேலுறை மாறினால் அதுவும் இல்லை.

சென்ற மாதம் பஸ் நள்ளிரவில் வழியிலுள்ள சாப்பாட்டுக்கடை ஒன்றில் நின்றது. தேநீருக்கும் வடைக்கும் காசு கொடுத்துவிட்டு, அவனது பெட்டியைத் திறந்தோம். கடைக்காரர் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார்: வெளிச் சாப்பாடு உண்ணத் தடை. மனைவி காரணத்தை விளக்கினாள். அடுத்த மேசையிலிருந்து ஒருவர், "ரெண்டு நாள் பட்டினி போடுங்கோ தங்கச்சி, கல்லையும் தின்னுவான்" என்றார். தெருவோரத்தில், லொறிகளின் இரைச்சலிடையே, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் ஊட்ட முயன்றோம். அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். காலையில், பட்டினியோடு வந்த பிள்ளையைப் பரிசோதிக்க முடியவில்லை. இன்னொரு நாள் வருமாறு திருப்பி அனுப்பினர்.

1943 இல் அமெரிக்க உளமருத்துவர் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, அவர்களுட் பலர் உணவை மறுத்தமை பதிவாகியுள்ளது. பெற்றோரின் குளிர்ந்த மனமே காரணமென்ற கருத்துக்கும் அவர் பின்னர் இடங்கொடுத்தார். அறிவியல் அக்கருத்தைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நம் பஸ் தரிப்பிடங்களில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. 2013 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு, உணவைத் தவிர்க்கும் இந்நிலையைத் தனியொரு கோளாறாக ஏற்றது. உணவின் மணமும் நிறமும் பதமும் இத்தகைய பிள்ளைகள் பலரின் புலன்களைத் தாக்குகின்றன. பிள்ளை பசியால் வாடும், வாடியும் உண்ணாது. இதனை அடமென்பது அறியாமை. பட்டினி போடச் சொல்வதோ கொடுமை.

இடதுசாரி இயக்கத்தில் நெடுநாள் உழைத்த நண்பர் ஒருவர், "மாஸ்டர், ஒருவேளைச் சோத்துக்கு வழியில்லாத சனம் இருக்கேக்கை, இது பணக்கார வீட்டுப் பிரச்சினை" என்றார். தவறு. கூலித் தொழிலாளியின் குடிசையிலும் இப்பிள்ளை பிறக்கிறது. அங்கே இதற்குப் பெயர் அடங்காமை, மருந்து பூவரசந்தடி. 2022 இல் எரிவாயு இன்றி வெதுப்பகங்கள் பல மூடப்பட்டபோது, பாணை மட்டுமே உண்ணும் பிள்ளைக்கு ஏழைத் தாய் எதை ஊட்டியிருப்பாள்? பணமுள்ளவன் காரில் வந்து, வேண்டிய இடத்தில் நிறுத்திப் பிள்ளைக்கு ஊட்டுகிறான். அந்தப் பலகை வழிமறிப்பது பஸ்ஸில் வருபவனைத்தான். இதில் வர்க்கம் இல்லையென்று நண்பர் எங்ஙனம் கண்டார்?

வாங்காமல் இருக்கையைப் பிடித்துக்கொள்வோரால் கடைக்காரருக்கு நட்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆயின், வலுக்குறைந்தோரின் உரிமைகளைக் காக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இங்கே உள்ளது. ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் உறுதிசெய்தும் உள்ளது. சாய்தளம் கட்டினாற் கடமை முடிந்ததென்போருக்கு, ஒரு சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க மேசையில் ஒரு மூலை வேண்டுமென்பது உரிமையாகவே தோன்றுவதில்லை! மாகாணங்களுக்கிடையே ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதி வழங்குவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. பஸ் நிற்கும் கடையில் இத்தகைய பிள்ளைகள் தம் உணவை உண்ணலாம் என்ற நிபந்தனையை அனுமதிப்பத்திரத்திற் சேர்க்க எத்தனை சதம் செலவாகும்? நம் ஆசிரியர் சங்கங்கள் இதனைக் கேட்டு ஒரு தீர்மானமாவது நிறைவேற்றியதுண்டா?

வரும் மாதம் மீண்டும் செல்கிறோம். அதே பஸ், அதே கடை. பெட்டியை அந்த மேசையிலேயே திறப்பதென்று மனைவி முடிவுசெய்துவிட்டாள்.