மூன்று புள்ளிக்குள் எதை வைப்பது?

உங்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் செயலி உருவாக்கும் வேலையில் இருக்கிறீர்கள். இந்தப் பதிவு முதலில் உங்களுக்குத்தான்.

செல்போன் திரையின் மேல்பட்டையில் இரண்டு மூன்று பொத்தான்களுக்குத்தான் இடம் இருக்கிறது. மற்றவை வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிக்குள் போய்விடும். ஆண்ட்ராய்டில் இதற்கு மூன்று கட்டளைகள் உண்டு: எப்போதும் காட்டு, இடமிருந்தால் காட்டு, காட்டாதே. எல்லாவற்றுக்கும் 'எப்போதும்' போட்டால் பட்டை தாங்காது. ஆகவே, எதை வெளியே வைப்பது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

இதைத் தமிழில் எப்போதோ செய்துவிட்டார்கள். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். அ, இ, உ, க, ப, ம, த, ந எல்லாம் விரல் படும் நடுவரிசையில். ஔ கீழ் மூலையில். ஜ, ஷ, ஸ, ஹ ஷிப்டுக்குள். எந்த எழுத்தையும் தூக்கி எறியவில்லை. அடிக்கடி வருவதைக் கைக்கு அருகில் வைத்தார்கள். நல்ல முறை.

ஆனால் அது மட்டும் போதாது என்பது என் கருத்து. ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலியை எத்தனை பேர் இழுத்திருக்கிறோம்? இருந்தும் அது கண்ணுக்கு எதிரே தொங்குகிறது. பணம் அனுப்பும் செயலியில் 'புகார்' பொத்தானும் அப்படித்தான். தினமும் தேவைப்படாது, தேவைப்படும் அன்று ஒவ்வொரு நிமிடமும் பணம்.

நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகிறார்கள்! சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஒரு மாத உழைப்பு ஒரு மோசடி அழைப்பில் போய்விட்டால், மூன்று புள்ளி, அதற்குள் உதவி, அதற்குள் இன்னொரு பட்டியல் என்று ஆங்கிலத்தில் தேட அவர்களால் முடியுமா?

எனவே பிள்ளைகளே, பட்டையில் எதை வைக்கலாம் என்று பேசும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். எது அடிக்கடி தேவை? எது கிடைக்காவிட்டால் நஷ்டம் அதிகம்? இரண்டாவதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். படம் மட்டும் போடாமல் 'புகார்' என்று தமிழில் எழுதுங்கள். விளம்பரப் பொத்தான் உள்ளே போகட்டும்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்று புள்ளியைத் தொட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். பார்ப்பதால் எதுவும் கெட்டுவிடாது. பணம் பறிபோனால் உடனே 1930க்கு அழையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், திமிரி