விரைவுக்கு வழி நிதானமே

விரல்கள் பறந்தால் கைதட்டல் கிடைக்கிறது. ஆகவே வீணையை எடுத்ததுமே நாம் வேகத்தை நாடுகிறோம். இது தவறென்பதே எம் கருத்து.

தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் வாழ்ந்தது நம் திருவொற்றியூரில்தான். அவருடைய பேகடா வர்ணத்தை இன்றும் பயில்கிறோம். முறை என்ன? தாளம் மாறாது, முதற்காலத்தில் வாசித்ததை இரண்டாம் காலத்தில் இருமடங்கு விரைவில் வாசிக்கிறோம். சரளி வரிசையில் மூன்றாம் காலம் நான்மடங்கு. ஒரு ஸ்வரம் நழுவினாலும் முதற்காலத்துக்கே திரும்ப வேண்டும். நழுவியதைக் கேட்போர் கவனியாதிருக்கலாம். விரல்களோ அத்தவற்றையே பழகிவிடும்.

ஆண்டு விழாவுக்கு நாட்கள் குறைவா? பாட்டைச் சுருக்குவோம், முதற்காலத்தைச் சுருக்க வேண்டாம். அன்புப் பெற்றோரே, வீட்டில் ஒரே வரிசை மெதுவாகத் திரும்பத் திரும்ப ஒலித்தால் பொறுத்தருள்க. நாங்கள் முன்னேறிக்கொண்டிருக்கிறோம்!