டிரைவர் இல்லாத வண்டியில் ஏறுவீர்களா?

பழனியில் ரோப் காரில் ஏறியிருக்கிறீர்களா? அப்படியானால் டிரைவர் இல்லாத வண்டியில் நீங்கள் ஏற்கெனவே பிரயாணம் செய்தாயிற்று! 2004ல் ஆரம்பித்த அந்தத் தொங்கும் பெட்டிக்குள் ஓட்டுகிறவர் யாருமில்லை. முன்பின் தெரியாதவர்களுடன்தான் உட்காருகிறோம். 2007ல் விபத்து நேர்ந்த பிறகும் ஜனங்கள் ஏறுகிறார்கள். மேலேயும் கீழேயும் ஊழியர்கள் நிற்கிறார்களே, அந்தத் தைரியம்தான். பாட்டியைக் கை பிடித்து ஏற்றுகிறார்கள். காற்று பலமானால் நிறுத்திவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் பீனிக்ஸ் வட்டாரத்தில் 2020 முதல் பொதுமக்களுக்கான 'வேமோ' வாடகைக் கார்கள் டிரைவர் இல்லாமலே ஓடுகின்றன. பல பேர் சேர்ந்து போகும் வண்டிகளையும் இப்படிச் செய்ய முனைந்திருக்கிறார்கள். சிலவற்றில் எதிரும் புதிருமாக ஆசனங்கள். திண்ணையில் உட்கார்ந்தாற்போல் பேசிக்கொண்டு போகலாமாம்!

அந்த நிபுணர்கள் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் ஒரு தடவை வரட்டும். சுமார் 7,000 அடி உயரம், வளைவுக்கு மேல் வளைவு. பாதிப் பேர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? மலைப் பாதையில் டிரைவருக்கு மட்டும் ஏன் தலை சுற்றுவதில்லை? அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், உடம்பும் தயாராகிவிடுகிறது. நமக்கோ கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. டிரைவரே இல்லாத வண்டியில் அத்தனை பேருக்கும் நம் கதிதான். ஆகவே முன்னோக்கிய ஆசனம், அகலமான ஜன்னல், திருப்பத்துக்கு முன்பே ஓர் எச்சரிக்கை, இவை முதலில் வேண்டும். எலுமிச்சம்பழத்தை நாமே கொண்டுபோகிறோம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. "குழந்தைக்குக் குமட்டுகிறது, கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று யாரிடம் சொல்வது? இருட்டிய பிறகு பெருமாள்மலையில் ஒரு பெண் தனியாக ஏறுகிறாள். பக்கத்து ஆசனத்து ஆசாமி ஒரு மாதிரி. பஸ்ஸில் கண்டக்டரை ஒரு பார்வை பார்த்தால் போதும். "அம்மா, முன்னால வந்து உட்காருங்க" என்பார். வேமோ காரில் பொத்தானை அழுத்தினால் எங்கோ இருக்கும் ஊழியரின் குரல் பேசும். மேகம் இறங்கி, செல்போன் சிக்னலும் போய்விட்ட வளைவில் அந்தக் குரல் வராவிட்டால்?

கொடைக்கானலுக்கு அப்படியொரு வண்டி வருமானால், ஸ்டீயரிங்கைத் தாராளமாக எடுத்துவிடட்டும். கண்டக்டரை மட்டும் விட்டுவைக்கட்டும். அவர் டிக்கெட் கிழிக்க வேண்டாம். சமயத்தில் ஒரு காகிதப் பையை நீட்டினால் போதும்.