கான்கார்டின் கணக்கு இன்னும் தீரவில்லை

1969 பிப்ரவரியில் போயிங் 747 முதன்முதலாக மேலெழுந்தது. மூன்று வாரம் கழித்து, மார்ச் 2 அன்று, பிரான்சின் துலூஸில், ஒலியைவிட வேகமாகச் செல்லும் பயணிகள் விமானமான கான்கார்டு பறந்தது. முன்னது கூட்டத்தை ஏற்றியது. பின்னது நேரத்தை மிச்சப்படுத்தியது. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் போன கான்கார்டு 2003-இல் அருங்காட்சியகங்களில் ஒதுங்கியது. நாமோ இன்றும் 1960-களின் ஜெட் வேகத்திலேயே பறக்கிறோம்.

இப்போது மறுபடி ஆசை துளிர்த்திருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் பூம் நிறுவனத்துடைய சோதனை விமானம் மொஹாவி பாலைவனத்தின் மேல் ஒலியின் வேகத்தைத் தாண்டியது. நிலப்பரப்பின் மேல் பயணிகள் விமானங்கள் அப்படிப் பறக்க அமெரிக்காவில் 1973 முதல் இருந்த தடையை விலக்கும்படி, ஜூனில் அதிபர் டிரம்ப் உத்தரவிட்டார். சட்டம்தான் இத்தனை காலம் குறுக்கே நின்றது என்கிறார்கள் ஆர்வலர்கள். அது பாதி உண்மைதான்.

அந்தச் சட்டமும் சும்மா வரவில்லை. 1964-இல் ஓக்லஹோமா நகரத்தின் மேல் மாதக்கணக்கில், ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எழும் அதிர்வெடி தினமும் எட்டு முறை விழும்படி ராணுவ விமானங்களைப் பறக்கவிட்டார்கள். கண்ணாடிகள் உடைந்தன. முடிவில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் இதோடு வாழவே முடியாது என்றார்கள். சிங்கப்பூர்–லண்டன் கான்கார்டு சேவையை மலேசியா எதிர்த்தது; இந்தியாவும் தன் வான்வெளியில் அந்த வேகத்தை அனுமதிக்கவில்லை. 1980-இல் அந்தச் சேவை நின்றது. தரையில் இருப்பவன் காதைப் பொத்திக்கொண்டு, மேலே போகிறவனின் அவசரத்துக்கு ஏன் ஒத்துழைக்க வேண்டும்?

மீதிப் பாதி, எரிபொருள். கான்கார்டில் உள்ளங்கை அகல ஜன்னல், பக்கத்துக்கு இரண்டிரண்டாக இருக்கை, மொத்தம் நூறு பேர். இவர்களை அட்லாண்டிக்கைத் தாண்டவைக்க ஆளுக்குச் சுமார் ஒரு டன் எரிபொருள் கரைந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எத்தனை நிறுவனங்கள் அதைத் தாங்கும்? பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏர் பிரான்ஸும் மட்டுமே கடைசிவரை வைத்திருந்தன. காற்றைக் கிழிக்கும் செலவை எந்த உத்தரவும் தள்ளுபடி செய்துவிடாது.

அதிர்வெடி தரையை எட்டாமல் பறக்க முடியும் என்கிறது பூம். முடியும்தான், ஆனால் மேக் 1.3, அதாவது ஒலியின் வேகத்தைப் போல் 1.3 மடங்கு வரைதான், அதுவும் வானிலை ஒத்துழைத்தால். பூம் விற்கப்போகும் ஓவர்ச்சர் விமானத்தில் 60 முதல் 80 பேர் ஏறலாம், கடல் மேல் மேக் 1.7 வேகம், ஒரே மூச்சில் 7,870 கிலோமீட்டர். சென்னை–லண்டன் தூரமோ சுமார் 8,200 கிலோமீட்டர், பெரும்பாலும் நிலம். நடுவே இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும். வழி நெடுக வேகத்தையும் அடக்க வேண்டும். இப்போதைய நேரடி விமானத்தைவிட இரண்டு மணி நேரம் சொச்சம் மிச்சமாகலாம்.