துப்பாக்கி பிடித்தாலும் பிள்ளை பிள்ளைதான்

'பட்டாளத்துக்காரனுக்கெல்லாம் தலையங்கமா தோழர்?' என்று கேட்டார் இதழ் வேலையில் கூட இருக்கும் மாணவத் தோழர். நியாயமான கேள்விதான். சீருடை என்றாலே, நடுராத்திரியில் சேரிக்குள் புகுந்து கதவை உதைக்கும் பூட்ஸ் கால்தான் நம் நினைவுக்கு வரும். ஆனாலும் கனடாவின் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ரோமியோ டலேர் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தேன். காரணம் இருக்கிறது.

1993 அக்டோபரில் ருவாண்டாவுக்குப் போன ஐ.நா. அமைதிப்படைக்கு அவர்தான் தளபதி. 1994 ஜனவரி 11 அன்று நியூயார்க்குக்கு அவசரச் செய்தி அனுப்பினார். ஆயுதங்களைப் பதுக்குகிறார்கள், துட்சி மக்களைக் கணக்கெடுக்கிறார்கள், கிடங்குகளைச் சோதனையிடப் போகிறேன் என்றார். வேண்டாம் என்றது தலைமையகம். ஏப்ரலில் கொலை தொடங்கியது. பிரான்சும் பெல்ஜியமும் விமானங்களோடு வந்து வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போயின. ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு அவை, சுமார் 2,500 பேர் இருந்த படையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. நூறு நாளில் செத்தவர்கள் சுமார் 8 லட்சம். கானா, துனீசியா வீரர்கள் உட்பட சில நூறு பேரோடு டலேர் அங்கேயே நின்றார்.

சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் கேட்டது அடையாள அட்டையை. 'ஹூட்டு', 'துட்சி' என்று அட்டையில் எழுதும் பழக்கத்தை 1930களில் கொண்டுவந்தது பெல்ஜியக் காலனி ஆட்சி. வானொலியில் துட்சிகளுக்கு வைத்த பெயர் 'கரப்பான்பூச்சி'. மனுசனைப் பூச்சியாக்கிவிட்டால் நசுக்குவது சுலபம். இது நமக்குத் தெரியாததா? நம்மைக் கண்டுபிடிக்க அட்டைகூட வேண்டாம், தெருப்பெயர் போதும்.

திரும்பி வந்த டலேர் மனம் உடைந்து போனார். தற்கொலைக்கு முயன்றதையும் மறைக்கவில்லை. உடல்நிலை காரணமாக 2000இல் ராணுவத்தை விட்டார். பதக்கத்தைக் காட்டிப் பிழைத்திருக்கலாம். 'நான் தோற்றேன், உலகமும் தோற்றது' என்ற பொருளில் ஊர் ஊராகப் பேசினார். ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் சாட்சி சொன்னார். எல்லா மனிதரும் மனிதர்தானா, இல்லை சிலர் மட்டும் கூடுதல் மனிதரா என்பதே அவர் விடாமல் கேட்ட கேள்வி.

ருவாண்டாவில் கொலைகாரக் கும்பல்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அங்கிருந்துதான் அவருடைய அடுத்த வேலை தொடங்கியது. குழந்தைப் போராளிகளை ஒழிக்க 2007இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிள்ளையைப் படையில் சேர்ப்பவனுக்குப் பிள்ளை ஒரு மலிவான ஆயுதம்: சோறு கொஞ்சம் போதும், சொன்னதைக் கேட்கும், செத்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளலாம். டலேர் உடைக்க நினைத்தது இந்தக் கணக்கைத்தான்.

சொந்த நாட்டோடும் மோதினார். கனடாக் குடிமகனான ஓமர் காதர் 2002இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையிடம் பிடிபட்டபோது வயது 15. குவாண்டனாமோவில் அடைத்தார்கள். கனடா அரசு வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் தொடங்கியது டலேர் சார்ந்திருந்த லிபரல் கட்சியின் ஆட்சியில். செனட்டராக இருந்த டலேரோ, அவன் குழந்தைப் போராளி, அவனைத் தண்டிக்காதே, மீட்டு வா என்றார். 'பயங்கரவாதி'க்குப் பரிந்து பேசுவது அங்கேயும் ஓட்டு வாங்கித் தராது. காதர் கனடாவுக்குத் திரும்பியது 2012இல்தான்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். ஈழத்தில் சிங்களப் பேரினவாத அரசு செய்த கொடுமைகளை எதிர்த்து நாம் பேசியது சரி, இன்னும் பேசுவோம். ஆனால் 18 வயது ஆகாதவர்களைப் போரில் இறக்கமாட்டோம் என்று 1998இல் ஐ.நா. பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னுவிடம் சொன்ன புலிகள், அதற்குப் பிறகும் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பிரிந்துபோன கருணா குழுவும் சேர்த்தது, அரசுப் படையினர் சிலரின் துணையோடு. காசிருந்தவர்கள் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். இல்லாதவர்களின் பிள்ளைகள் பங்கருக்குப் போனார்கள். நம் மேடைகளில் எவராவது இதைக் கேட்டோமா? 'சின்னப் பசங்ககூட துப்பாக்கி தூக்குறாங்க பாரு' என்று ஒரு பேச்சாளர் முழங்கினார், கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். அந்தக் கைதட்டல் இன்றும் என்னைக் கூச வைக்கிறது.

'குழந்தை உரிமை என்.ஜி.ஓ.காரன் சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். எதிரி கொன்ற பிள்ளைக்கு அழுகிறோம், நம் பக்கம் நின்று செத்த பிள்ளைக்கு மாலை போட்டுக் கணக்கை முடிக்கிறோம். இரண்டு பிள்ளைக்கும் வயது ஒன்றுதான்.

போரும் நம் ஊர்வலமும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் கல் விழும், தடியடி நடக்கும் என்று தெரிந்தே முன்வரிசையில் சிறுவர்களை நிறுத்துகிறோமே, அது ஏன்? படத்துக்கு நன்றாக இருக்கும் என்றா? அடுத்த ஊர்வலத்தில் அந்த வரிசையில் நாம் நிற்போம் தோழர்களே. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகட்டும்.

சீருடையை நம்பச் சொல்லவில்லை. தன் தோல்வியைத் தானே சொல்லத் துணிந்த ஒரு மனுசனிடம் கற்றுக்கொள்வதில் நமக்கென்ன குறைச்சல்?